பழைய கட்டடத்தை உடைக்க முன் ஒரு கணக்கு

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வெளித் திண்ணையில் இருந்தேன். எனது பழைய வியாபாரக் கூட்டாளி ஒருவரின் மகன் வந்து ஸலாம் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். பாட்டனார் காலத்துக் கருவாட்டு ஸ்டோர் ஒன்று அவர்கள் வசம் இருக்கிறது. முருகைக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனங் கைமரம், மேலே பீலி ஓடு. கருவாட்டு வியாபாரம் குறைந்த பிறகு கட்டடம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. கற்பிட்டிக் கடலில் பட்டம் கட்டிச் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து, இதை ஒரு தங்குமிடமாக மாற்றினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது கிழடு, உடைத்து இரண்டு மாடி எழுப்பி முன்னுக்குக் கண்ணாடி போடுவோம்" என்றிருக்கிறார். சுற்றுலா முகவர் ஒருவரோ, "ஐரோப்பியர்கள் இப்போது பசுமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், அதற்கு ஏற்ற மாதிரிக் கட்டுங்கள்" என்றிருக்கிறார். பிள்ளைக்குத் தலை சுற்றிவிட்டது.

"சாச்சா, பசுமைச் சான்றிதழ் புதுக் கட்டடத்துக்குத்தானே குடுப்பாங்க? பழசுக்கும் கிடைக்குமா? உடைக்கிறதா வைக்கிறதா எண்டு சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் பொறியியலாளன் அல்லன். கடையில் நின்று கணக்குப் பழகியவன். ஆனாலும் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை, பாட்டன் பூட்டன் கட்டிய கடையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் வியாபாரிகள் பலர். ஆகவே இவ்வாரம் இதையே எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம், தண்ணீர், பொருட்களைச் செலவழிக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் எப்படி, கழிவு எங்கே போகிறது என்பவற்றை உரிமையாளரோ ஒப்பந்தக்காரரோ அல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று பரிசோதித்து, புள்ளி போட்டுத் தருவதுதான் பசுமைக் கட்டடச் சான்றிதழ். அமெரிக்கப் பசுமைக் கட்டடப் பேரவையின் 'லீட்' முறை உலகில் பிரபலமானது. அதில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். இந்தியாவில் 2001 இல் ஆரம்பித்த இந்தியப் பசுமைக் கட்டடப் பேரவை தனது சொந்த முறைகளை வைத்திருக்கிறது. எமது நாட்டில் 2009 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை பசுமைக் கட்டடப் பேரவை 'கிரீன் எஸ்.எல்.' என்ற முறையை நடத்துகிறது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் கொண்டுவந்தது 'எட்ஜ்'. இந்த எட்ஜ் முறையில் புள்ளிக் கணக்கு இல்லை. அந்த ஊரின் சாதாரணக் கட்டடத்தோடு ஒப்பிட்டு மின்சக்தியில் 20 வீதம், தண்ணீரில் 20 வீதம், கட்டடப் பொருட்களுக்குள் அடங்கிய சக்தியில் 20 வீதம் மிச்சம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதில் எந்த முறையிலும் 'கட்டடம் புதிதாக இருக்க வேண்டும்' என்று சட்டம் இல்லை. லீட்டிலும் கிரீன் எஸ்.எல்.லிலும் ஏற்கனவே இருக்கும் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சீதுவையில் பிராண்டிக்ஸ் நிறுவனம் சுமார் 30 வருடப் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றை உடைக்காமல் மாற்றியமைத்து, 2008 இல் லீட் பிளாட்டினம் எடுத்தது. ஆடைத் தொழிற்சாலையை இடித்துக் கட்டினால்தான் வாங்குபவர் மதிப்பார் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆனால் 30 வருடம் என்பது சரித்திரக் கட்டடம் ஆகாது. உண்மையிலேயே பழைய கட்டடம் ஒன்று பார்க்க வேண்டுமானால் பம்பாய்க்குப் போக வேண்டும். எமது பெரியவர்கள் 'விக்டோரியா டேர்மினஸ்' என்று சொன்ன, இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டேர்மினஸ் என்று பெயர் மாறியிருக்கும் ரயில் நிலையம் அது. 1878 இல் வேலை தொடங்கி 1888 இல் முடிந்தது. வரைந்தவர் எப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர். 2004 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கட்டடத்தின் ஒரு கல்லைக் கூட நினைத்தபடி அசைக்க முடியாது. அப்படியிருந்தும் 2021 இல் இந்தியப் பசுமைக் கட்டடப் பேரவையின் தங்கத் தரச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது.

எப்படி? ரயில் நிலையங்களுக்கென்று அப்பேரவை இந்திய ரயில்வேயோடு சேர்ந்து ஒரு தனி முறை வகுத்திருந்தது. அதன்படி மின்விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றினார்கள். ஆள் இல்லாத இடத்தில் தானாக அணையும் கருவிகளைப் பொருத்தினார்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறிகள் வந்தன. சூரியத் தகடுகள் வந்தன. கழிவு, தண்ணீர், மரஞ்செடி, பயணிகளின் வசதி எல்லாம் கணக்கில் சேர்ந்தன. நீங்கள் கவனிக்க வேண்டியது, இவற்றில் ஒன்றுக்குக் கூடக் கோபுரத்தையோ கல் வளைவையோ தொட வேண்டியிருக்கவில்லை என்பதுதான். கட்டடத்தின் உடம்பு 19ஆம் நூற்றாண்டு. மாறியது அதற்குள் ஓடும் இயந்திரங்களும் அதை நடத்தும் முறையும்.

இன்னும் எமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் உள்ள இஸ்திக்லால் பள்ளிவாசல் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பள்ளிவாசல். 1961 இல் ஜனாதிபதி சுகர்ணோ அடிக்கல் நாட்ட, 17 வருடம் இழுபட்டு 1978 இல் திறக்கப்பட்டது. (படம் வரைந்த கட்டடக் கலைஞர் பிரடெரிக் சிலபான் ஒரு கிறிஸ்தவர். எமது ஊர்ச் சண்டைகளுக்கிடையில் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.) வயதில் பெரிய கிழவன் அல்லவென்றாலும், அந்த நாட்டின் சுதந்திரச் சின்னம் என்பதால் யாரும் உடைத்துக் கட்டலாமென்று கனவு காண முடியாது. 2019 இல் பெரும் புதுப்பிப்பு வேலை தொடங்கியது. விளக்குகள் மாறின. 500க்கு மேற்பட்ட சூரியத் தகடுகள் கூரையில் ஏறின. வுழூ பைப்புகளில் தண்ணீர் மெல்ல வரும்படி செய்து, பாவித்த தண்ணீரை மீண்டும் பாவிக்க ஏற்பாடு செய்தார்கள். 2022 இல் எட்ஜ் சான்றிதழ் கிடைத்தது. வணக்கத்தலம் ஒன்று அச்சான்றிதழைப் பெற்றது உலகத்தில் அதுவே முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பெயர் ஒரு மஸ்ஜிதுக்குப் போனது.

அதன் கணக்கு விபரம்தான் எனக்குப் பிடித்தது. மின்சக்தியில் மிச்சம் 23 வீதம். தண்ணீரில் 36 வீதம். கட்டடப் பொருட்களில் அடங்கிய சக்தியில் மிச்சம் 81 வீதம்! இவ்வளவு தகடு பூட்டி, விளக்கு மாற்றி, பைப் மாற்றியும் மின்சாரத்தில் 23 தான். ஒன்றும் செய்யாமல் இருந்த தூணும் சுவரும் கூரையும் 81 வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ஏற்கனவே நிற்கும் சுவருக்குப் புதிதாக ஒரு மூடை சீமெந்தும் தேவையில்லை என்பதால், கணக்கில் அது ஏறத்தாழப் பூச்சியம் என்றே விழுகிறது.

இங்கேதான் வியாபாரி விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் இருக்கிறது.

முதலும் நடைமுறைச் செலவும்

ஒரு கடைக்கு முதல் வேறு, மாதாந்தச் செலவு வேறு. கட்டடத்துக்கும் அப்படித்தான். கல் உடைத்து, சீமெந்து சுட்டு, கம்பி உருக்கி, லொறியில் ஏற்றி வந்து கட்டிய செலவு முதல். அதன்பின் மாதம் மாதம் கட்டும் மின்சாரமும் தண்ணீரும் நடைமுறைச் செலவு. பசுமை என்றதும் எல்லோரும் இரண்டாவதை மாத்திரம் பார்க்கிறார்கள். புதுக் கட்டடம் மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆகவே பழையதை உடை என்கிறார்கள். முதலை யாரும் கேட்பதில்லை.

அந்த முதல் எவ்வளவு பெரிது என்பது எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவாக்காட்டில் சுண்ணாம்புக்கல் வெட்டி ரயிலில் பாலாவிக்குக் கொண்டுவந்து சூளையில் போடுவதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறோம். ஒரு தொன் சீமெந்து செய்யும்போது ஏறத்தாழ 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை கூட அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கிளம்பும் வாயு. அதனால் சூளையை எவ்வளவு நவீனமாக்கினாலும் அந்தப் பங்கு போகாது.

பாட்டனார் கட்டிய ஸ்டோரின் முதல் எப்போதோ எழுதித் தீர்ந்தது. பேரேட்டில் பெறுமதி பூச்சியம், ஆனால் சாமான் இன்னும் வேலை செய்கிறது. இப்படி ஒரு இயந்திரம் கடையில் இருந்தால் எந்த வியாபாரியாவது இரும்புக்குப் போடுவானா?

இன்னொன்று. கடலில் முருகைக்கல் எடுப்பது இன்று சட்டவிரோதம். ஆகவே ஒரு முருகைக்கல் சுவரை உடைத்தால் அதேபோல் இன்னொன்று கட்டவே முடியாது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1660களில் கட்டத் தொடங்கிய கோட்டைச் சுவர் அந்தக் கல்லில்தான் இன்றும் கடற்காற்றுக்கு நிற்கிறது.

என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாப்பா விட்டுப்போன வெங்காய ஸ்டோரை 2003 இல் நான்தான் உடைத்தேன். பழசு மானக்கேடு என்று நினைத்த காலம். கொங்கிரீட் தட்டுப் போட்டு மாடி வைத்தேன். 15 வருடம் போகமுன் உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, தட்டின் அடிப்பக்கம் வெடித்துக் கட்டி கட்டியாக விழத் தொடங்கியது. மூடிய கம்பிக்கு மேல் போதுமான கனத்துக்குக் கொங்கிரீட் போடவில்லை என்று பிறகு ஒருவர் விளக்கினார். 2022 இல் சீமெந்து மூடை ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் விலையேறிய நேரத்தில்தான் அதைத் திருத்த வேண்டி வந்தது. மத்தியானத்தில் அந்த மாடியில் மனிதன் இருக்க முடியாது. வாப்பாவின் ஸ்டோருக்குள் வெங்காயமே அழுகாமல் இருந்தது.

அது ஏன் குளிர்ந்தது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. ஒன்றரை அடிக் கனச் சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி இரவில் விட்டுவிடும். உயரக் கூரையில் சூடு மேலே ஏறி ஓட்டு இடுக்கால் வெளியேறும். எதிரெதிர் ஜன்னல்கள் சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் உள்ளே ஓட விடும். இதையெல்லாம் இன்றைய சான்றிதழ் முறைகள் 'இயற்கைக் காற்றோட்டம்' என்று பெயர் வைத்து மதிக்கின்றன. எமது பெரியவர்கள் பெயர் வைக்காமல் செய்தார்கள்.

சுவரைக் கொல்லும் சீமெந்து

பழைய கட்டடத்தை வைத்துக்கொள்ள முடிவெடுப்பவர்கள் செய்யும் முதல் பிழை, 'கொஞ்சம் பலப்படுத்துவோம்' என்று சுவருக்குச் சீமெந்து பூசுவது. கற்பிட்டி வீதியில் இப்படிக் கெட்டுப்போன சுவர்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. மேலே சீமெந்துப் பூச்சு இருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் தேங்கிப் பளிங்காக இறுகி, உள்ளே இருக்கும் மெதுவான கல்லை அரிக்கும். மூன்று நாலு வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது, கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். மேசன் வந்து பார்த்து, 'சீமெந்து காணாது' என்று இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசுவார். பிறகு சுவர் போய்விடும். பழி பாட்டனார் மேல்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். சீமெந்துப் பூச்சைக் கவனமாகக் கழற்றி, சுவரைக் கொஞ்ச மாதம் உலர விட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் கலந்து பூச வேண்டும். பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளை போதும். கடல் மணல் கூடவே கூடாது. சுண்ணாம்பு இறுகும்போது, சுடும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதும் அதன் கணக்கில் ஒரு வரவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இன்று குறைவு. வயதான ஒருவரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் ஒரு இளைஞரையும் நிறுத்தி வேலை பழக்கினால் ஊருக்கும் நல்லது.

தண்ணீர்

எமது குடாநாட்டில் மின்சாரத்தை விடப் பெரிய பிரச்சினை இதுதான். மணலுக்கடியில் மழைத் தண்ணீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய தட்டாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். தோட்டங்களுக்குப் போடும் பசளையின் நைத்திரேற்றும் அதற்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. 10 அறைத் தங்குமிடம் ஒன்று வந்து, ஒவ்வொரு விருந்தாளியும் நிமிடத்துக்கு 15 லீற்றர் கொட்டும் ஷவரில் 8 நிமிடம் நின்றால் ஒரு குளிப்புக்கு 120 லீற்றர். நிமிடத்துக்கு 8 லீற்றர் விடும் ஷவர் என்றால் 64 லீற்றர். மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிதல்ல, குளிப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. ரஸூல் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது முக்கால் லீற்றரை அண்டிய அளவில், வுழூச் செய்திருக்கிறார்கள். பைப்பை முழுவதும் திறந்துவிட்டு மிஸ்வாக் தேடும் எங்களுக்கு இது கொஞ்சம் வெட்கமான கணக்கு.

பழைய கட்டடத்தின் பெரிய ஓட்டுக் கூரை மழை நீருக்கு ஒரு சொத்து. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால், சிந்தல் போக ஏறத்தாழ 2,000 லீற்றர் பிடிக்கலாம். எமது பக்கத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 40 அங்குலம் மழை. அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் என்பதால் தாங்கி பெரிதாக வேண்டும். முதல் மழையில் ஓட்டிலுள்ள தூசியும் காக்கை எச்சமும் வரும், அதை வெளியே விட ஒரு வழி வைக்க வேண்டும்.

மின்சாரம்

பழைய கடையொன்றில் சோக் வைத்த பழைய டியூப் விளக்கு 10 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோக்கும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாற்று. நாளுக்கு 10 மணித்தியாலம் எரிந்தால் 5 அலகு. அதே இடத்தில் 18 வாற்று எல்.ஈ.டி. போட்டால் 1.8 அலகு. மாதம் 96 அலகு மிச்சம். பழைய மின்விசிறி 75 வாற்று எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாற்று போல எடுக்கும். நாலு விசிறியில் மாதம் 54 அலகு. இரண்டையும் கூட்டினால் 150. மின் பட்டியலில் எந்தக் கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பார்த்து, இதை ரூபாவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சூரியத் தகடு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. எமது வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு நாளுக்கு மூன்றரை முதல் நாலு அலகு வரை தரும். ஆனால் பீலி ஓட்டுக் கூரை ஏற்கனவே பாரமானது. பழைய பனங் கைமரத்தின் மேல் தகடும் சட்டமும் ஏற்றி ஆணி அடித்தால் ஓடும் உடையும், ஒழுகவும் செய்யும். பின்பக்கம் ஒரு புதுக் கொட்டில் போட்டு அதன் மேல் வையுங்கள். முன் தோற்றமும் கெடாது. கடற்கரையில் சட்டம் அலுமினியமாகவும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்க வேண்டும். மலிவு ஆணி இரண்டு சோளகம் தாங்காது. இஸ்திக்லாலில் கூரையில் ஏற்றினார்களே என்று கேட்கக் கூடாது. அது கொங்கிரீட் கூரை.

குளிரூட்டி வைக்கத்தான் வேண்டுமென்றால் படுக்கும் அறைகளுக்கு மாத்திரம் வையுங்கள். அந்த அறைகளுக்கு மாத்திரம் பலகைத் தட்டு உட்கூரை போட்டு, கதவு இடுக்கை அடையுங்கள். கூடத்தையும் திண்ணையையும் காற்றுக்கு விடுங்கள்.

புதுக் கண்ணாடி, புது ஜன்னல் என்று ஆசைப்படுபவர்களுக்கு நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைச் சொல்லலாம். 1931 இல் கட்டியது. அதன் 6,514 ஜன்னல்களைக் கழற்றி எறியாமல், கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்து, பழைய கண்ணாடியையே பெரும்பாலும் பாவித்துத் திரும்பச் செய்து பூட்டினார்கள். மற்ற வேலைகளும் சேர்ந்து மின்சக்திச் செலவு 38 வீதம் குறைய, வருடத்துக்கு 44 லட்சம் டொலர் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 2011 இல் லீட் தங்கம் கிடைத்தது. அமெரிக்கக்காரனுக்குப் பணம் இல்லாமலா பழைய ஜன்னலைத் திருத்தினான்?

சட்டமும் அனுமதியும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மறக்க வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்கள் புராதனச் சின்னங்கள் என்ற வகைக்குள் வருகின்றன. அதற்குப் பிந்தியவற்றையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். உங்கள் கட்டடம் அப்படியானதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் ஆணி கூட அடிக்காதீர்கள். பள்ளிவாசலோ வக்புச் சொத்தோ என்றால் 1956 ஆம் ஆண்டின் வக்புச் சட்டமும், வக்பு சபையும் இருக்கிறது. பிரதேச சபை அனுமதி வழமை போல.

யாருக்குச் சான்றிதழ் தேவை?

சான்றிதழ் சும்மா வராது. பதிவுக் கட்டணம், ஆலோசகர், பரிசோதனை எல்லாவற்றுக்கும் பணம். நடைபெறும் கட்டடத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே எனது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உள்ளூர் வாடிக்கையாளருக்கு அரிசி, சீனி விற்கும் கடைக்குச் சான்றிதழ் வீண் செலவு. மேலே சொன்ன வேலைகளைச் செய்து மாதப் பட்டியலைக் குறைத்தால் அதுவே போதும். வெளிநாட்டு விருந்தாளியை எதிர்பார்க்கும் தங்குமிடத்துக்கு, ஏற்றுமதி வாங்குபவர் வந்து பார்க்கும் களஞ்சியத்துக்கு, வங்கியில் பசுமைக் கடன் கேட்பவருக்கு அது பிரயோசனப்படலாம். மத்திய வங்கி 2022 இல் எது பசுமை முதலீடு என்று வகைப்படுத்தி ஒரு கட்டமைப்பை வெளியிட்டிருக்கிறது, வங்கிகள் அதைப் பார்க்கின்றன. வட்டிக்குப் போக விரும்பாதவர்கள் தகடு, விசிறி போன்ற பொருட்களுக்கு முராபஹா முறையில் கிடைக்குமா என்று இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'உடனே பசுமைச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம்' என்று கையில் ஒரு பச்சை ஸ்டிக்கரோடு வருபவர்களிடம், எந்தப் பேரவையின் எந்த முறை, எத்தனை புள்ளி, யார் பரிசோதிப்பது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சான்றிதழுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கட்டடத்தில் அல்ல, கடதாசியில். வெனிஸ் நகரப் பல்கலைக்கழகம் கா பொஸ்காரி என்ற மாளிகையில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கட்டடம், தண்ணீருக்குள் நிற்கிறது. 2013 இல் லீட் சான்றிதழ் பெற்றபோது, அதைப் பெற்ற கட்டடங்களில் உலகத்திலேயே மிகப் பழையது என்று பெயர் வாங்கியது. அவர்கள் எடுத்தது, இருக்கும் கட்டடத்தை நடத்தும் முறைக்கான சான்றிதழ். அதில் கேட்பவை மின், தண்ணீர்ப் பட்டியல்கள், என்ன மருந்து போட்டுக் கழுவுகிறீர்கள், குப்பையை எப்படிப் பிரிக்கிறீர்கள், எதை வாங்குகிறீர்கள், ஆட்கள் எதில் வந்து போகிறார்கள் என்பன. 500 வருடச் சுவரைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை, கணக்குப் புத்தகம்தான் வேண்டும். எமது ஆட்கள் பட்டியலைக் கட்டிவிட்டு அதில் கருவாடு சுற்றிவிடுவோம்.

எட்ஜ் முறையின் கணிப்பு மென்பொருள் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை வைத்துக் கட்டடத்தின் அளவுகளைப் போட்டுப் பார்த்தால், ஒரு சதமும் கட்டாமல், நாம் 20 வீதத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு ஆலோசகரைக் கூப்பிடலாம்.

கூட்டாளியின் மகனிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்க மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது. தொழுத பின் இருவருமாக அந்த ஸ்டோருக்குப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கைமரத்தில் ஆறு உளுத்திருக்கிறது, மற்றவை இரும்பு மாதிரி. வடக்குச் சுவரில் யாரோ எப்போதோ பூசிய சீமெந்து உப்பி நிற்கிறது. ஒப்பந்தக்காரருக்கு 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் கடந்த 12 மாத மின் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஏழு கிடைத்துவிட்டதாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேசன் ஏத்தாளைப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போய்ப் பார்க்கவிருக்கிறோம்.